பருவநிலை மாற்றமும் நம் மக்களின் பங்கும்

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மேடையில் பருவநிலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இரண்டுக்கும் உள்ள தொடர்பை 2024 ஆம் ஆண்டு நமக்குக் காட்டிவிட்டது. அவ்வாண்டு நவம்பர் 30 ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நம் செஞ்சிக்குத் தென்கிழக்கே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டிய மழையில் ஏறக்குறையப் பாதி அது. மழை ஓய்ந்து பள்ளி திறந்தபோது, நனைந்த புத்தகத்தோடும் எழுத்தழிந்த சாதிச் சான்றிதழோடும் வந்து நின்ற பிள்ளைகளைக் கண்டோம். அவர்களுள் பெரும்பாலோர் நம் தெருப் பிள்ளைகளே.

மழை சாதி பார்த்துப் பெய்யவில்லை. ஆனால் நீர் பள்ளத்தைத் தேடி ஓடும். நம் முன்னோருக்கு ஊரார் ஒதுக்கிய இடமும் பெரும்பாலும் பள்ளமே.

காற்றில் வெப்பம் ஒரு பாகை கூடினால், அது தாங்கும் நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும் என்பது அறிவியல். ஆதலின் உலகம் சூடேறச் சூடேறப் பெருமழைகள் இன்னும் கடுமையாகும். அதற்குக் காரணமான கரியமில வாயுவை வெளிவிட்டவர் யார்? இந்தியர் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன். அமெரிக்கர் ஒருவருக்கு ஏறக்குறைய 14 டன். இதனால்தான் 1992 இல் உருவான ஐக்கிய நாடுகள் பருவநிலை உடன்படிக்கையில், பொறுப்பு அனைவர்க்கும் பொது, ஆயினும் அளவு வேறு என்னும் நெறி இடம்பெற்றது. 2022 இல் எகிப்தில் கூடிய மாநாடு, பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளுக்கென இழப்பு நிதி ஒன்றை அமைக்க ஒப்புக்கொண்டது.

உலகச் சபையில் நம் நாடு கேட்கும் இந்த நீதியையே நாம் ஊருக்குள்ளும் கேட்கிறோம். அந்த 2 டன் சராசரிக்குள் குளிர்சாதன மாளிகையும் அடக்கம். மிதிவண்டி ஒன்றே வாகனமாக உள்ள கூரை வீடும் அடக்கம்.

ஃபெஞ்சல் நிவாரணத்தையே எடுத்துக்கொள்வோம். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாயும், சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாயும், நெற்பயிருக்கு எக்டேர் ஒன்றுக்கு 17,000 ரூபாயும் அரசு அறிவித்தது. இவ்வுதவியை நாம் குறைகூறவில்லை. ஆயினும் பயிருக்கான தொகை நிலத்தின் பரப்பை அளந்து வருகிறது. அந்நிலத்தில் நாற்று நட்டவள் வாரக்கணக்கில் இழந்த கூலிக்கு அதில் தனிக்கணக்கு இல்லை. நமக்கு நிலம் ஏன் இல்லை? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892 இல் நம் மக்களுக்கென நிலம் ஒதுக்க ஆங்கில அரசு ஆணையிட்டது. அந்தப் பஞ்சமி நிலங்களுள் பெரும்பகுதி பின்னர்ப் பிறர் கைக்குப் போயிற்று. அந்தப் பழைய இழப்பே இன்றைய நிவாரணக் கணக்கிலும் நம்மைத் தொடர்கிறது.

நீர்நிலைகளை மீட்பது நல்ல கொள்கைதான். ஆனால் 2015 சென்னை வெள்ளத்துக்குப்பின் கூவம், அடையாற்றுக் கரைக் குடிசைவாசிகள் பலர் நகரின் ஓரத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எழுந்த பெருங்கட்டடங்களோ நிற்கின்றன. வேலையும் பள்ளியும் தொலைவான பின் அக்குடும்பங்கள் எவ்வாறு பிழைக்கும் என்பதையும் கொள்கை வகுப்போர் எண்ண வேண்டாவா?

இளைஞர்களே! 2005 ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61 ஆம் பிரிவைப் படியுங்கள். நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி, பால், சமயம் முதலியவற்றால் வேற்றுமை காட்டலாகாது என்று அது விதிக்கிறது. சுற்றுப்புற ஊராட்சிகளில் கிராமசபை கூடும் நாளில் தவறாது சென்று அமருங்கள். எந்தத் தெருவில் எத்தனை அடி நீர் நின்றது, எந்த வடிகால் அடைபட்டது, எத்தனை நாள் கூலி போயிற்று என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள், அதைத் தீர்மானமாக்குங்கள். எழுத்தில் ஏறாத துன்பம் அரசின் கணக்கில் ஏறுவதில்லை.

ஆறும் அணையும் நமக்கு எட்டாத பொருள் என்று ஒதுங்காதீர்கள். 1943 இல் வங்காளத்தில் தாமோதர் ஆறு பெருக்கெடுத்தது. அப்போது வைசிராயின் ஆட்சிக்குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த அண்ணல் அம்பேத்கர், அவ்வாற்றுப் பள்ளத்தாக்குத் திட்டத்தை உருவாக்குவதில் முன்னின்றார். வெள்ளத்தைத் தடுக்கவும், பாசனமும் மின்சாரமும் பெருக்கவும் வழிசெய்த திட்டம் அது. நம்மிடையேயிருந்தும் நீரியல் அறிந்த பொறியாளர்களும், வானிலை அறிஞர்களும், சட்டம் தெரிந்தவர்களும் எழ வேண்டும். அவர்களை உருவாக்குவதே இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும்.

2025 சூலையில் நம் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. அதில் நமக்கும் பெருமை உண்டு. இராசகிரி உச்சியில் உள்ள பழங்கற்களைக் காக்க உலகம் முன்வருகிறது. அம்மலையடியில் வாழும் பிள்ளையின் புத்தகப்பையும் அடுத்த மழையில் நனையாதிருக்க வழிகாண்போம்.