திரும்பி வரும் குருதி



குருதி நின்றால் இதயத் தசை இறக்கும். குருதி திரும்பினால் பிழைக்கும். இவ்வாறே நாம் வகுப்பில் சொல்லி வருகிறோம். முற்பாதி உண்மை. பிற்பாதி முழு உண்மையன்று. 1960ஆம் ஆண்டில் அமெரிக்க நோயியல் அறிஞர் ஜென்னிங்சும் அவர்தம் குழுவினரும் நாய்களின் இதயத் தமனியைச் சிறிது நேரம் கட்டி, பின்னர் அவிழ்த்தனர். கட்டு அவிழ்ந்த தசையில், அவிழாத தசையைக் காட்டிலும் மிக விரைவாகச் சிதைவின் அடையாளங்கள் தோன்றக் கண்டனர்.

இதனை நாம் ‘மீள்குருதி ஊறு’ என வழங்குவோம். காயம் என்றால் மாணவர் தோலில் தெரியும் புண்ணையே எண்ணுவர். ஊறு என்னும் பழஞ்சொல்லோ உள்ளே நேரும் கேட்டையும் உணர்த்தும்.

வறண்டு வெடித்த வயலுக்கு நீர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. மதகை ஒரேயடியாகத் திறந்தால் வரப்பு உடையும் என்பதையும் உழவர் அறிவர். உயிரணுவிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. உயிர்வளி இல்லாதபோது அணுவுக்குள் அமிலம் சேர்கிறது. வியப்பு என்னவெனில், அந்த அமிலமே ஒருவகைக் காவலாகவும் நிற்கிறது. இழைமணியின் படலத்தில் உள்ள ஒரு துளையை அது மூடியே வைத்திருக்கிறது. குருதி திரும்பியதும் அமிலம் வெளியேறுகிறது. அதற்கு ஈடாகச் சோடியம் உள்ளே நுழைய, அதன் வழியே கால்சியமும் பெருகுகிறது. திடீரென வந்த உயிர்வளியிலிருந்து தீவிரமாக வினைபுரியும் மூலக்கூறுகள் பிறக்கின்றன. துளை திறக்கிறது, இழைமணி வீங்கி, ஆற்றல் உற்பத்தி குலைகிறது. மிகுந்த கால்சியத்தால் தசையிழைகள் அளவு கடந்து சுருங்கித் தம்மையே கிழித்துக்கொள்கின்றன. இவற்றுள் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது.

மாரடைப்பு சொல்லிக்கொண்டு வருவதில்லை. இதய அறுவையோ அப்படியன்று. 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் கிப்பன் இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு அறுவையை வென்று காட்டிய பின், அசையாத, குருதியற்ற இதயத்தில் பணிபுரிய மருத்துவர்க்கு வழி பிறந்தது. அதற்காகப் பெருந்தமனியைக் கவ்வியால் அடைக்கின்றனர். குருதி எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்பது அங்கே முன்கூட்டியே தெரியும். ஆகவே காப்பு முயற்சிகளுக்கு அறுவை அரங்கைப் போன்ற களம் வேறில்லை.

முதல் முயற்சி தோல்வியே. 1955இல் இங்கிலாந்தில் மெல்ரோஸ் பொட்டாசியம் சிட்ரேட் செலுத்தி இதயத்தை நிறுத்தினார். கரைசலின் செறிவு மிகையாக இருந்ததால் அதுவே தசையை அழித்தது, முறை கைவிடப்பட்டது. குற்றம் பொட்டாசியத்தில் அன்று, அளவில் இருந்தது. 1970களில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் பெயர் தாங்கிய கரைசல், குறைந்த பொட்டாசியத்தோடும் குளிர்ச்சியோடும் இதயத்தை உறங்க வைத்தது. அமெரிக்காவில் பக்பெர்க் குருதியையே அக்கரைசலுக்கு ஊடகமாக்கினார். கவ்வியை எடுக்குமுன் வெதுவெதுப்பான, கால்சியம் குறைத்த குருதியைத் தாழ்ந்த அழுத்தத்தில் செலுத்தும் முறையும் அவர் வழி வந்ததே. நம் மதிப்பீட்டில், மதகை மெல்லத் திறக்கும் உழவர் அறிவுக்கு மிக நெருங்கியது இதுவே.

1986இல் இன்னொரு வியப்பு வெளிப்பட்டது. ஐந்து நிமிட அடைப்பை நான்கு முறை தாங்கிய நாயின் இதயம், அடுத்து வந்த 40 நிமிட அடைப்பில் வழக்கத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சிதைவையே அடைந்தது. பின்னர், கையில் பட்டை கட்டிக் காற்றேற்றி இறக்கினாலும் தொலைவிலுள்ள இதயம் காப்புப் பெறும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. செலவற்ற எளிய முறை! பலித்திருந்தால் எத்துணை நலம்! 2015இல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு தனித்தனியே நடந்த இரு பெரும் ஆய்வுகளும் அறுவையில் பயனில்லை என்றே கூறின. புரோபோபால் என்னும் மயக்க மருந்து அந்தக் காப்பை மறைத்திருக்கலாம் என்ற ஐயம் உண்டு. மாணவர்க்குப் பாடநூலில் இத்தகைய தோல்விகளையும் தருதல் வேண்டும் என்பது நம் கருத்து.

இன்றும் கவ்வியை எடுக்கும் வேளையில் இயந்திரத்தை இயக்குபவர் குருதியோட்டத்தைத் தாழ்த்திக் கொடுக்கிறார். அதன் பின்னும் மருத்துவர் உடனே சுமையை ஏற்றுவதில்லை. உடலுக்குக் குருதி அனுப்பும் வேலையை இயந்திரத்திடமே விட்டு, இதயத்தைச் சிறிது நேரம் வெறுமையாகத் துடிக்க விடுகின்றனர்.