முயலைப் பட்டினி போடாதீர்

(ஆயர் தாவார் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

சம்பளம், வீடு, வைத்தியம் என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று முயலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் முகத்தில் புன்னகை அரும்பியதைக் கண்டோம். புன்னகைப்பதில் தவறில்லை. ஆனால் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். இது ஓர் உயிரின் சங்கதி.

லயத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறிய நம்மவர் வீடுகளிலும் முயல் வளர்க்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் சித்தியவான் கடைவீதிக்குப் போனால், முயல் கூண்டின் முன்னே நின்ற பிள்ளை நகர மறுக்கிறது. தகப்பனார் மனமிரங்கி வாங்கித் தருகிறார். மூன்று வாரம் கழிகிறது. பிறகு நம்மிடம் வந்து சொல்லுகிறார்கள்: "கிராணி ஐயா, எங்கள் முயல் புல்லைத் தொடமாட்டேன் என்கிறது. பிஸ்கோத்தும் ரொட்டியும் கொடுத்தால்தான் தின்கிறது. இது பிறவியிலேயே அப்படிப்பட்ட முயல்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதித்தவன் கதை நம் யாவருக்கும் தெரியும். தோழர்களே, புல் தின்னாத முயல் என்று ஒரு சாதி உலகத்தில் கிடையாது. புல்லை மறந்த முயல் உண்டு. பல் நோவால் புல் தின்ன முடியாத முயலும் உண்டு. மறந்ததற்கு நினைவூட்டலாம், நோயாளிக்கு வைத்தியம் பார்க்கலாம். இரண்டில் எது என்று அறியாமல் பட்டினி போடுவதுதான் பெரும் தீங்கு.

ஏன் புல் வேண்டும்? முதலில் வாயைப் பாருங்கள். முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளருகின்றன. நாரும் மணற்சத்தும் உள்ள புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் அவை தேயும். பிஸ்கோத்து வாயில் கரைந்துவிடுகிறது, பல் தேய்வதில்லை. தேயாத கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகி நாக்கையும் கன்னத்தையும் குத்துகிறது.

அடுத்து வயிற்றைப் பாருங்கள். முயலின் குடலில் பெரும்பகுதி பெருங்குடல்வாய்ப் பை என்னும் ஒரு பெரிய பை. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் உணவைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அந்தச் சத்து மெல்லிய திராட்சைக் குலை போன்ற மென்புழுக்கையாக வெளிவர, முயல் அதை மீண்டும் உண்கிறது. இதைக் கண்டு அருவருத்துப் பிள்ளைகள் முயலை அடிக்க வேண்டாம். இயற்கை அதற்கு வகுத்த வழி அது. இந்த ஆலை ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமானால் நார் இடையறாமல் உள்ளே போக வேண்டும். நார் நின்றால் குடல் நின்றுவிடும். காற்று அடைத்து வயிறு உப்பும். முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது.

நம் வீட்டு முயல்கள் அனைத்தும் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் வறண்ட காட்டு முயலின் வழித்தோன்றல்கள். 1859ஆம் ஆண்டில் தாமஸ் ஆஸ்டின் என்னும் நிலக்கிழார் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சில முயல்களை வேட்டைக்காக அவிழ்த்துவிட்டார். அவை பெருகி அந்த நாட்டையே அலைக்கழித்தன. அவற்றுக்கு ரொட்டி கொடுத்தவர் யார்? புல்லும் பூண்டும் தின்றே அவை பெருகின. முயல் என்றால் கேரட் என்பது கேலிச்சித்திரப் படம் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம். கேரட்டும் வாழைப்பழமும் சர்க்கரை மிகுந்தவை; விரல் நுனி அளவு, அதுவும் எப்போதாவது கொடுத்தால் போதும்.

இனி, நமக்கே உரிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். முயலுக்கு உலர்புல் போடு என்றால், நம்மவர் வைக்கோலைத் தேடுகிறார்கள். வைக்கோல் வேறு, உலர்புல் வேறு. வைக்கோல் என்பது நெல்மணி எடுத்த பிறகு எஞ்சும் தாள். கூண்டில் படுக்கையாகப் பரப்பலாம், சாப்பாடாகாது. உலர்புல் என்பது கதிர் முற்றுமுன் அறுத்துப் பச்சை நிறமும் மணமும் போகாமல் காயவைத்த புல். கடைகளில் விற்கும் திமோதிப் புல் குளிர்நாட்டுப் பயிர். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அதைப் பரப்பிய திமோதி ஹான்சன் பெயரால் அழைக்கப்படுகிறது. நம் ஊர் வெயிலில் விளையாது. கப்பலேறி வருகிறது, விலையும் அதற்கேற்றபடி. வாங்க வசதியுள்ளவர் வாங்கட்டும். வசதியில்லாதவர் கவலைப்பட வேண்டாம். பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல், வரப்போரம் வளரும் கினிப்புல், இளம் யானைப்புல், திடலில் படரும் அகல இலைப் புல் யாவும் முயலுக்கு நல்ல உணவே. பச்சையாகவும் கொடுக்கலாம், உலர்த்தியும் கொடுக்கலாம்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறோம். "பசி ருசி அறியாது, இரண்டு நாள் ஒன்றும் போடாதே, தானாகப் புல்லைத் தின்னும்" என்று அறிவுரை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டுக்கும் நாய்க்கும் எப்படியோ, முயலுக்கு இது எமன். நம் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு தாயார் இந்தச் சொல்லை நம்பித் தட்டைக் காலியாக வைத்தார். மூன்றாம் நாள் பெரட்டு முடிந்து வீடு திரும்பியபோது முயல் விறைத்துக் கிடந்தது. அந்தத் தாயார் செய்தது கொடுமையல்ல. அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எடுத்துச் சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம். பன்னிரண்டு மணி நேரம் முயல் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது ஆபத்து. பட்டினியால் யாரையும் நல்வழிக்குக் கொண்டுவர முடியாது என்பதைப் பட்டினி அறிந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் வழி என்ன? பால்மரம் வெட்டுகிற தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே நாளில் ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டுப் பட்டை பாழாகும். மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டு போனால் ஆண்டுக்கணக்கில் பால் தரும். முயலின் தட்டிலும் கை அப்படித்தான் நடக்க வேண்டும்.

பிஸ்கோத்து, ரொட்டி, சோறு ஆகியவற்றை நாளுக்கு நாள் கொஞ்சமாகக் குறைத்து ஒரு வாரத்தில் நிறுத்துங்கள். பெல்லட் என்று விற்கும் குச்சித் தீவனத்தையும் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். இரண்டு கிலோ எடையுள்ள வளர்ந்த முயலுக்கு நாளொன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். ஆறு மாதம் நிரம்பாத குட்டிக்கு இந்தக் குறைப்பு வேண்டாம். அதற்குத் தீவனத்தோடு புல்லும் தாராளமாகக் கிடைக்கட்டும். புல் மட்டும் எப்போதும் குறையக்கூடாது. நாள்தோறும் முயலின் உடலளவு ஒரு கட்டு கூண்டில் இருக்க வேண்டும். பச்சைப்புல் தின்றறியாத முயலுக்கு முதல் நாள் ஒரு கைப்பிடியில் தொடங்கிக் கூட்டுங்கள்.

நேரமும் கவனிக்கத்தக்கது. முயல் நம்மைப் போலவே விடியலில் எழும் பிராணி. விடியற்காலையிலும் அந்தியிலும் அதற்குப் பசி மிகும். பெரட்டுக்குப் புறப்படுமுன் புதுப்புல் வையுங்கள். தீவனத்தை மாலையில் வையுங்கள். தகரக் கூரையின் கீழே நண்பகலில் எந்த முயலும் தின்னாது. அதற்கு வியர்ப்பதில்லை, காது வழியாகத்தான் சூட்டைத் தணிக்கிறது. கூண்டை மரநிழலுக்கு மாற்றுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்; தாகமுள்ள முயல் உலர்புல்லை விழுங்காது.

இடமும் முக்கியம். முயல் மலங்கழிக்கும் மூலையிலேயே அமர்ந்து தின்னும் வழக்கமுள்ளது. ஆகவே புல்லை அந்த மூலைக்கு மேலே, எட்டும் உயரத்தில் கட்டுங்கள். அட்டைப் பெட்டியில் அடைத்து ஓட்டை போட்டுக் கொடுங்கள். இழுத்து விளையாடும் சாக்கில் தின்னத் தொடங்கும். கொத்தமல்லி, புதினா, துளசி இலையைக் கசக்கிப் புல்லோடு கலந்தால் மணத்துக்கு மூக்கை நுழைக்கும். தீவனத்தைப் பொடித்து உலர்புல்லின் மேல் தூவலாம். புல் தின்னும் முயலின் அருகில் கூண்டை வைத்தால், பார்த்துப் பழகும். ஒரு வகைப் புல்லை மறுத்தால் மற்றொரு வகையைக் கொடுங்கள். நேற்றைய புல்லை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். பழம்புல்லை முயல் மதிப்பதில்லை.

தோழர்களே, இதைக் கூர்ந்து கேளுங்கள். புல்லை எங்கே அறுக்கிறோம் என்பது உயிர்நாடியான கேள்வி. பால்மர நிரைகளிலும் செம்பனைக் காட்டிலும் களைக்கொல்லி அடிக்கப்படுகிறது. நம் தாய்மார்கள் தோளில் சுமந்து அடித்த பாராகுவாட் நஞ்சு 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் கிளைபோசேட் முதலிய வேறு மருந்துகள் பயன்பாட்டில் உள்ளன. கிளைபோசேட் அடித்த புல் மறுநாளே கருகுவதில்லை. மஞ்சளாகப் பல நாள் ஆகும். பச்சையாக இருக்கிறதே என்று அறுத்துவிடாதீர்கள். மருந்து அடிக்கும் நாளும் நிரையும் கிராணியிடம் குறிப்பாக இருக்கும்; கேளுங்கள், சொல்வது எங்கள் கடமை. நிரைக்குள் அறுப்பதைவிட, மருந்தே காணாத உங்கள் வீட்டுத் தோட்டத்திலும் கோயில் திடலிலும் அறுப்பதே நலம். சாலையோரப் புல், எலிமருந்து வைத்த இடத்துப் புல், இயந்திரத்தால் வெட்டிக் குவித்துச் சூடேறிய புல் இவை வேண்டவே வேண்டாம். முற்றிய லாலான் வாயைக் கீறும். பச்சை மரவள்ளி இலையும் உண்ணிச்செடியும் நஞ்சு. பால்மரங்களுக்கிடையே படரும் மூடுபயிர்க் கொடி புல்லுக்கு ஈடாகாது.

வீட்டிலேயே உலர்புல் செய்ய விரும்புவோர் மழையில்லா நாளாகப் பார்த்து, பனி உலர்ந்தபின் அறுக்க வேண்டும். தரையில் குவிக்காமல் கம்பி வலைமேல் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி புரட்டி, மாலை மழைக்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நல்ல வெயிலில் காய்ந்துவிடும். முறுக்கினால் ஒடிய வேண்டும். முகர்ந்தால் இனிய மணம் வர வேண்டும். பூஞ்சணம் பிடித்த ரப்பர்த் தகட்டுக்குத் தரம் குறைத்ததைக் கண்டவர்கள் நாம். பூஞ்சணம் பிடித்த புல்லுக்குத் தரமே கிடையாது, எருக்குழியில் கொட்டுங்கள். நல்லதைக் காற்றோட்டமுள்ள சாக்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வியர்த்துக் கெடும்.

நாங்கள் கிராணிகள், கணக்கில்லாமல் எதையும் நம்பமாட்டோம். பிள்ளைகளே, ஒரு பழைய நோட்டுப் புத்தகம் எடுங்கள். வாரம் ஒருமுறை சமையல் தராசில் முயலை நிறுத்து எழுதுங்கள். தினமும் புழுக்கையைப் பாருங்கள். பெரிதாக, உருண்டையாக, உடைத்தால் நார் தெரிந்தால் புல் உள்ளே போகிறது. சிறுத்து, கறுத்து, எண்ணிக்கை குறைந்தால் அபாயம். எடை வாரத்துக்கு வாரம் இறங்கினால் தீவனக் குறைப்பை நிறுத்துங்கள்.

புல்லை ஆசையாகக் கவ்விவிட்டுக் கீழே போடுகிறதா? தாடை எச்சிலால் நனைந்திருக்கிறதா? அது அடம் அல்ல, பல் நோய். எந்தத் தந்திரமும் அங்கே பலிக்காது. மிருக வைத்தியர்தான் வேண்டும். வளர்க்கும் பிராணிக்குத் தகுந்த உணவளிப்பது உரிமையாளர் பொறுப்பு என்று 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் கூறுகிறது. வைத்தியச் செலவு கூலிக்காரனுக்குச் சுமைதான். அதனால்தான் புல்லிலேயே நோயைத் தடுக்கச் சொல்லுகிறோம். புல்லுக்குக் காசு வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

மாணவக் கண்மணிகளே, இரண்டு நாளில் மாறவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். மூன்று வாரம் கொடுங்கள். தட்டைக் காலியாக வைக்காதீர்கள். நாளை விடியலில் ஒரு கைப்பிடி அறுகம்புல்லோடு தொடங்குங்கள்.