பழைய மடிக்கணினியும் பற்றுச்சீட்டும்



1990களில் வடபுலத்திலே பொருளாதாரத் தடை நிலவிய காலத்தை நேரில் அறிந்தோர் நம்மிடையே இன்றும் பலர் உளர். வானொலிக்கு இடும் மின்கலமும் அன்று தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. அதனால் மக்கள் செய்தி கேளாது இருந்தாரல்லர். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலிப் பெட்டி பேசிற்று. சில துளி பெற்றோலினால் இயந்திரத்தைக் கிளப்பி, அதன்பின் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினர். பழையதைக் கழற்றிப் பழுதறிந்து, ஒன்றின் உறுப்பை மற்றொன்றிற் பொருத்தி உயிர்ப்பிக்கும் வித்தை வன்னி மண்ணுக்குப் புதிதன்று. அவ்வித்தைக்கு இன்று ஊதியம் தரவல்ல தொழில்களுள் ஒன்று, பழைய மடிக்கணினிகளை வாங்கிச் செப்பனிட்டு மீண்டும் விற்பது.

வவுனியாவிலிருந்து மன்னார் வீதி வழியே மேற்கே செல்வோர், பம்பைமடுவிலே வவுனியாப் பல்கலைக்கழகத்தைக் காண்பர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்து 2021ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது அது. அதே வீதியிற் பூவரசங்குளம் இருக்கிறது. குளத்து நீரையும் காலபோக மழையையும் நம்பி நெல் விதைக்கும் ஊர். இத்தகைய ஊரிலே ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்தாலோ, உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கத் தொடங்கினாலோ, வீட்டில் முதலில் எழும் கேள்வி மடிக்கணினிக்கு எங்கே போவது என்பதே.

2020 மார்ச்சிலே பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் திரைக்கு மாறியபோது, இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டிலேயே கணினி இருந்தது. 2022இல் வந்த நெருக்கடியோ வேறு விதமானது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. நெல்விற்ற பணத்திலே புதிய மடிக்கணினி வாங்க எண்ணியிருந்த தகப்பன், இரண்டே மாதத்தில் தன் எண்ணத்தை மாற்ற நேர்ந்தது. புதியது கைக்கெட்டாதபோது பழையதன் வாயிலைத் தட்டுவது இயல்புதானே.

இப்பழைய கணினிகள் எங்கிருந்து வருகின்றன? மேல்நாட்டுப் பெருநிறுவனங்கள் தம் ஊழியர்க்கு மடிக்கணினிகளைக் குத்தகைக்கு எடுத்து, மூன்று நான்கு ஆண்டுகளில் திருப்பிவிடுகின்றன. அவை மொத்தமாகக் கைமாறித் துபாய், சிங்கப்பூர் போன்ற சந்தைகளைக் கடந்து, கொழும்பை வந்தடைகின்றன. தின்க்பேட், லட்டிட்யூட், எலீட்புக் என்னும் பெயர்களைப் பழைய கணினிக் கடைகளில் அடிக்கடி காண்பதற்குக் காரணம் இதுவே. அலுவலகப் பாவனைக்கென வலுவாய் ஆக்கப்பட்டவை அவை. திருகாணிகளைக் கழற்றினால் உள்ளுறுப்புகள் எளிதிற் கைக்கு வரும். கடையிலே பளபளக்கும் மலிவான புதிய கணினி ஒன்றைவிட, நன்றாகச் செப்பனிட்ட இத்தகைய பழையது நீண்டகாலம் உழைத்தலும் உண்டு.

செப்பனிடுதல் என்பது மேனியைத் துடைத்துப் புதிய உறை போடுவதன்று. விசிறியில் அடைந்த தூசியை அகற்றவேண்டும். செயலியின்மேல் உலர்ந்து வெடித்த வெப்பப் பசையைச் சுரண்டிப் புதிதிடவேண்டும். இல்லையேல் கணினி கொதித்து, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினால், நிமிடக்கணக்கில் விழித்தெழுந்த இயந்திரம் சில விநாடிகளில் எழும். முந்தைய உரிமையாளரின் கோப்புகளை வெறுமனே அழித்தலும் போதாது. அது நூலின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்து எறிவதை ஒக்கும்; பக்கங்கள் அப்படியே இருக்கும். தட்டு முழுவதையும் முறைப்படி துடைத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் நுட்பமானது மின்கலம். இலிதியம் அயன் மின்கலம் 300 முதல் 500 முறை முழுதாய் ஏறி இறங்கியபின், தன் கொள்ளளவில் ஐந்திலொரு பங்கை இழப்பது வழக்கம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் மின்கல அறிக்கை ஒன்றைக் கணினியே ஆக்கித் தரும். ஆக்கப்பட்ட நாளில் இருந்த கொள்ளளவும், இன்று நிரம்பும் கொள்ளளவும் அதில் அருகருகே நிற்கும். வன்தட்டும் தான் உழைத்த மணித்தியாலங்களைக் கணக்கு வைத்திருக்கிறது, வண்டியின் ஓட்டமானி போல. விற்பவருக்கு இவை தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது. இவ்வாணிகத்தின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லோவ் 1970ஆம் ஆண்டிலே பழைய மோட்டார் வண்டிகளை எடுத்துக்காட்டாக வைத்து இதனை ஆராய்ந்தார். நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் வாங்குபவர் பிரித்தறிய இயலாதபோது, இரண்டுக்கும் நடுவான ஒரு விலையையே அவர் தர இசைவார். அவ்விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டாது. அவர் சந்தையைவிட்டு விலகுவார். எஞ்சியவை பெரும்பாலும் கெட்டவை. விலை மேலும் இறங்கும். இன்னும் சில நல்லவை விலகும். 2001இல் நோபல் பரிசு பெற்றோர் மூவருள் அவரும் ஒருவர். பொருளியல் படியாத நம் கிராமத்துத் தாயும் இதனை அறிவாள். "பழசு வாங்கினால் ஏமாறத்தான் வேணும், தம்பி" என்று அவள் சொல்லும்போது அக்கர்லோவின் முடிவையே சொல்கிறாள்.

கணக்கை வைத்துப் பார்ப்போம். ஒரு கணினி 45,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டது என்று கொள்வோம். எஸ்.எஸ்.டி.க்கு 8,000, புதிய மின்கலத்துக்கு 9,000, சில்லறைச் செலவு 2,000. அடக்கவிலை 64,000. விற்றது 78,000. இலாபம் 14,000. பக்கத்துக் கடைக்காரர் பழைய மின்கலத்தை அப்படியே விட்டு, 74,000க்கு விற்கிறார். விலையிலே 4,000 குறைவு. இலாபத்திலோ 5,000 மிகுதி. மலிவாய்க் கிடைத்ததென்று மகிழ்ந்து செல்லும் மாணவனின் கணினி, மின்வெட்டு வந்து அரைமணி கழியுமுன் கண்மூடிவிடும். அப்போது மின்கலம் வாங்க அவனே 9,000 கொடுக்கவேண்டும்.

இதற்காக இலாபம் தேடுவதே இழுக்கென்று எண்ணவேண்டா. கண்ணும் கையும் அறிவும் செலவிட்டவருக்கு ஊதியம் வேண்டும். அறிவை மறைத்துப் பெறும் இலாபம் வேறு, அறிவை விற்றுப் பெறும் இலாபம் வேறு. மின்கல அறிக்கையை வாங்குபவர் கண்முன்னே எடுத்துக் காட்டுபவர் தம் 14,000 ரூபாய்க்குக் கூசவேண்டியதில்லை. சிற்றூர்க் கடைக்காரருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. தொலைதூரத்துக்குப் பொதி அனுப்புபவர் வாங்கியவரை மறுபடி காண்பதில்லை. பூவரசங்குளத்திலே விற்பவரோ, மறுநாள் பேருந்துத் தரிப்பிடத்தில் அத்தகப்பனையே காண்பார். "என்ன தம்பி, நீர் தந்த பெட்டி ஓடுதில்லையே" என்ற சொல்லுக்கு அவர் அங்கேயே மறுமொழி கூறியாகவேண்டும். ஆறுமாத உத்தரவாதச் சீட்டைவிட அந்தப் பேருந்துத் தரிப்பிடம் வலிது.

அண்மையில் வேறொரு பொறியும் தோன்றியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. விண்டோஸ் 11இற்கு, இன்டெல் செயலியாயின், பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதன் பிந்தியதோ வேண்டும். அதற்கு முந்திய நல்ல கணினிகள் பல இதனால் மலிந்துவிட்டன. தகுதியற்ற கணினியிலே குறுக்குவழியாய்ப் பதினொன்றை ஏற்றி விற்பதும் உண்டு. அவற்றில் உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமையை ஏற்றினால் எழுதவும் படிக்கவும் இணையம் பார்க்கவும் தாராளமாய் உதவும். ஆனால் அதனை வாங்குபவருக்கு முன்னரே கூறவேண்டும்.

கழித்த மின்கலம் பற்றி ஒரு சொல். மாலையிற் குப்பை கொளுத்தும் வழக்கம் நம் வளவுகளில் இருக்கிறது. வீங்கிய இலிதியம் மின்கலத்தை அதில் எறிந்தால் வெடித்துத் தீப்பற்றும். மணல் இட்ட பாத்திரத்தில் தனியே வைத்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிபெற்ற சேகரிப்பாளரிடம் சேர்ப்பிக்கவேண்டும்.

இனி, வாங்கச் செல்லும் பெற்றோர் கேட்கவேண்டியது பெரிதொன்றுமில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இந்நாட்டில் நடைமுறையில் உண்டு. முறைப்பாடு செய்ய 1977 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. முறைப்பாட்டுக்கோ ஆதாரம் வேண்டும். ஆதலின், "தம்பி, மாத்தின சாமானை எல்லாம் பில்லிலை எழுதித் தாரும்" என்று கேட்டு நிற்கலாம். செயலி எத்தனையாம் தலைமுறை, மின்கலம் புதிதா பழையதா, பழையதாயின் எத்தனை வீதம் எஞ்சியுள்ளது, தட்டு எத்தனை மணித்தியாலம் ஓடியது, பழுதானால் எத்தனை மாதம் பொறுப்பு. ஐந்தாறு வரி. அவற்றின்கீழ்த் திகதியும் கடைக்காரரின் கையொப்பமும்.