மனுவில் சட்டத்தைக் குறிப்பிடுவது எப்படி?



ஒருநாள் மாலை, தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் என்னிடம் ஒரு மனுவைக் கொண்டுவந்தார். "வாத்தியாரே, கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்றார். மாதாமாதம் சம்பளம் தள்ளிப் போகிறது என்பது அவருடைய குறை. இரண்டு பக்கம் எழுதியிருந்தார். "சட்டப்படி நியாயம் வேண்டும்" என்று ஐந்து இடத்தில் இருந்தது. எந்தச் சட்டம் என்று ஓர் இடத்திலும் இல்லை!

நேயர்களே, கடிதத்துக்கு முகவரி எப்படியோ, அப்படித்தான் சட்டத்துக்கும். பெயர், ஆண்டு, எண், பிரிவு ஆகிய நான்கும் வேண்டும்.

அவருடைய குறைக்கு உரியது வேலை வாய்ப்புச் சட்டம். மலாயில் அக்தா கெர்ஜா என்பார்கள். ஆண்டு 1955. எண் 265. பிரிவு 19.

பிரிவுக்குள்ளும் துணைப்பிரிவுகள் உண்டு. அவற்றின் எண்ணை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். சம்பளக் காலத்தின் கடைசி நாளுக்குப் பிறகு ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது 19(1). ஓவர்டைம், ஓய்வு நாள், பொது விடுமுறை நாள் வேலைக்கான கூலியை அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாளுக்குள் கொடுக்கலாம் என்பது 19(2). வெறுமனே "19" என்று எழுதினால், எந்தப் பணத்தைக் கேட்கிறோம் என்பது விளங்காது.

ஆகவே இப்படி எழுதுங்கள்: "1955-ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டம் (சட்டம் 265), பிரிவு 19(1)-இன்படி, 7-ஆம் தேதிக்குள் கிடைக்க வேண்டிய சம்பளம் 20-ஆம் தேதிதான் கிடைத்தது."

இன்னொன்று. சட்டங்கள் திருத்தப்படுகின்றன. பிரிவு 60ஏ(1)-இல் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்த வேலை வரம்பு, 2023 ஜனவரி 1 முதல் 45 மணி நேரமானது. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினால் மூன்று மணி நேரத்தை நாமே விட்டுக்கொடுத்தவர்கள் ஆவோம். புத்தகம் எந்த ஆண்டு அச்சானது என்று முதலில் பாருங்கள்.

பிரிவு எண் தெரியாதவர் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யக் கூடாது என்பதல்ல, தாராளமாகச் செய்யலாம். ஆனால், எண்ணோடு எழுதிய மனுவைப் பார்த்து "எந்தச் சட்டம்?" என்று யாரும் கேட்க முடியாது.

அந்தத் தொழிலாளியின் மனு ஒரே பக்கமாயிற்று. மலாயில் எழுதிக் கொடுத்தவள் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அவர் மகள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளாலும் அது முடியும்.