பதினோராவது ஆட்டக்காரன்

ஒரு கிராமத்தின் நிலையை அறிய விரும்புவோர் அதன் கோயிலைப் பார்ப்பர், குளத்தைப் பார்ப்பர், வாசிகசாலையிலே பத்திரிகை படிக்க எத்தனை பேர் வருகின்றனர் என்று பார்ப்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இவற்றோடு சேர்த்துப் பார்க்கத்தக்க வேறோர் அடையாளமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைத் துடுப்பாட்டப் போட்டிக்கு அவ்வூர் விளையாட்டுக் கழகத்தால் பதினொருவரைச் சேர்க்க முடிகின்றதா என்பதே அந்த அடையாளம்.

கிரிக்கெட் எனப்படும் துடுப்பாட்டம் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலே வளர்ந்தது. ஹாம்ப்ஷயர்ப் பகுதியிலுள்ள ஹாம்பிள்டன் என்னும் சிற்றூரின் கழகம், 1777 ஆம் ஆண்டிலே இங்கிலாந்து அணியை ஓர் இன்னிங்ஸாலும் 168 ஓட்டங்களாலும் தோற்கடித்தது. பிற்காலத்தில் விதி வகுக்கும் பெருமை பெற்ற மேரிலபோன் கழகம் இலண்டனிலே தோன்றியது அதற்குப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே. ஊரிலிருந்து நகரத்துக்குச் சென்ற ஆட்டம் அது.

யாழ்ப்பாணத்திலோ அது நகரத்திலிருந்து ஊருக்குச் சென்றது. மிஷன் பாடசாலைகளே அதற்கு வாயிலாயின. 1816 இல் வெஸ்லியன் மிஷனார் தொடக்கிய பாடசாலை மத்திய கல்லூரியாகவும், 1823 இல் தொடங்கிய மற்றொன்று பரியோவான் கல்லூரியாகவும் வளர்ந்தன. இவ்விரு கல்லூரிகளும் 1904 ஆம் ஆண்டிலே தொடங்கிய போட்டியே இன்று வடக்கின் பெருஞ்சமர் என்று புகழ்பெற்று விளங்குகின்றது. வெள்ளை உடையும், கால்காப்பும், தோற்பந்தும், கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளமும் அக்கல்லூரிகளின் செல்வங்கள். கிராமத்துச் சிறுவனுக்கு அவை எட்டவில்லை. அவன் காய்ந்த தென்னை மட்டையைச் செதுக்கிக் கைபிடி அமைத்தான். தமிழிலே இத்துடுப்புக்கு மட்டை என்ற பெயர் நிலைத்தமை எத்துணைப் பொருத்தம்!

மட்டை கிடைத்தது, மைதானமும் கிடைத்தது. குடாநாட்டின் நெற்செய்கை மாரி மழையை நம்பியது. தை, மாசி மாதங்களில் அறுவடை முடிந்தபின் அடுத்த விதைப்பு வரை வயல்வெளி வெறுமையாய்க் கிடக்கும். அரிவாள் நீங்கிய தரையிலே தாளடிகளை மிதித்துச் சமன்செய்து, நடுவிலே மூன்று தடிகளை ஊன்றினால் ஆடுகளம் ஆயத்தமாகிவிடும். வடலி வரிசை ஒருபுறத்து எல்லை. கிடுகு வேலி மறுபுறத்து எல்லை. பந்து கிணற்றிலே வீழ்ந்தால் வாளியால் எடுத்துத் துடைத்து ஆட்டத்தைத் தொடர்வர். கடினப் பந்தாயின் காப்புக் கருவிகள் பலவும் வேண்டும். மென்பந்துக்கோ அவை வேண்டியதில்லை. ஆதலின் ஊர் ஆட்டத்திலே மென்பந்தே பெரிதும் ஆட்சி செய்கின்றது.

ஞாயிறு காலையிலே இந்த அணி கூடும் விதம் கவனிக்கத்தக்கது. வேகப் பந்துவீச்சாளன் வெங்காயத் தோட்டத்து விவசாயி. விடியுமுன் எழுந்து இறைப்பை முடித்தாலன்றி அவன் வர இயலாது. விக்கெட் காப்பாளன் முச்சக்கர வண்டி ஓட்டுபவன். கூலிக்கு ஆள் கிடைத்தால் அவன் வரவு ஐயமே. ஒருவன் மேசன் வேலை செய்பவன், ஒருவன் கடற்றொழிலாளி, இருவர் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர். இவர்கள் எவருக்கும் ஆட்டத்தாற் காசு வருவதில்லை. கையிலுள்ள காசு போவதே வழக்கம். ஆயினும் எட்டு மணிக்குள் ஒன்பதின்மர் வந்துவிடுவர். பத்தாமவனை ஒருவன் சைக்கிளிற் சென்று எழுப்பிக்கொண்டு வருவான். பதினோராமவனைத் தேடும்போதுதான் அணித்தலைவனின் முகம் வாடும்.

விதிப்படி ஓர் அணிக்குப் பதினொருவர். இருதரப்பும் இசைந்தாற் குறைந்த தொகையினரோடும் ஆடலாம். ஆனால் ஒருவர் குறைந்தால் களத்திலே ஓரிடம் வெறுமையாகின்றது. எதிரணித் துடுப்பாட்டக்காரன் அவ்விடத்தை நோக்கியே அடிப்பான். துடுப்பெடுத்தாடும்போதும் குறை தெரியும். ஒருவன் எத்துணைத் திறமையாளனாயினும் தனித்து நின்று ஆட இயலாது. மறுமுனையிலே துணைக்கு ஒருவன் நிற்றல் வேண்டும். ஒன்பது விக்கெட்டுகள் வீழ்ந்தபின் பதினோராமவன் இல்லையேல், நன்கு ஆடிக்கொண்டிருப்பவனும் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

ஆகையால் எல்லைக்கோட்டருகே வேடிக்கை பார்த்துநின்ற ஒருவர் அழைக்கப்படுகின்றார். “அண்ணை, ஒருக்கா வந்து நில்லுங்கோ” என்பர் இளைஞர். நாற்பத்தைந்து வயதைக் கடந்த அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகின்றார். அவர் ஓட்டம் குவிக்க வேண்டியதில்லை. தம்மிடம் வரும் ஓரிரு பந்துகளைத் தடுத்து, மறுமுனையில் உள்ளவனுக்கு வாய்ப்பளித்தாற் போதும். கொப்பியிலே அவர் பெயருக்கு எதிரே பூச்சியமே எழுதப்படலாம். அவர் நின்றமையால் மற்றவன் அடித்த பதினைந்து ஓட்டங்கள் அவர் கணக்கிற் சேர்வதில்லை.

இப்பதினோராமவரின் இடம் வெறுமையானதற்குக் காரணங்கள் உள. 1983 ஆம் ஆண்டின் பின்னர் இளைஞர் பலர் கடல் கடந்து சென்றனர். 1990 ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்த குடும்பங்களுட் பல, தம் காணியை மீண்டும் மிதிக்கக் கால் நூற்றாண்டும் அதற்கு மேலும் காத்திருந்தன. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி தொடங்கிய பேரிடப்பெயர்விலே வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வன்னிக்கும் சென்றனர். 1996 ஆம் ஆண்டு மார்ச் 17 ஆந் திகதி இலங்கை அணி லாகூரிலே அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது, வலிகாமத்து வயல்வெளிகள் பலவற்றிலே பந்தெறிய ஒருவரும் இருக்கவில்லை. 2009 ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிந்தது. திரும்பியோர் மீண்டும் தடி ஊன்றினர், திரும்பாதோர் பலர்.

திரும்பாதோரும் ஆட்டத்தை மறந்தாரல்லர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் ஊரவர் கோடைகாலத்திலே அங்கு கூடி ஆடுகின்றனர். ஊர்க் கழகங்களுக்குப் பணமும் அனுப்புகின்றனர். அப்பணத்தால் மைதானத்துக்கு மதில் எழுப்பலாம், மின்விளக்குப் பொருத்தலாம், பெயர் பொறித்த மேற்சட்டை தைக்கலாம். பதினொரு மேற்சட்டைகள் தைத்த பின்னர் ஒன்று மடிப்புக் கலையாமற் கிடக்குமாயின், அதனை அணிய ஆள் அனுப்பப் பணத்தால் இயலாது.

நம்பிக்கை தரும் செய்திகளும் இல்லாமல் இல்லை. மத்திய கல்லூரியின் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 ஆம் ஆண்டிலே லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக ஆடினார். 2023 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவிலே இலங்கைக்காக ஆடினார். 2024 ஆம் ஆண்டிலே ஹைதராபாத் அணியிலும் இடம்பெற்றார். மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்ட மைதானம் ஒன்றின் பணி 2025 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 1 ஆந் திகதி தொடங்கி வைக்கப்பட்டது. ஊர்ச் சிறுவர் நிமிர்ந்து பார்க்க இவை போதிய காரணங்களே.

எனினும் பெரிய மைதானத்துக்குச் செல்வோன் ஆயிரத்தில் ஒருவனே. மற்றையோருக்கு உரியது வயல்வெளி. அங்கே மாலை நான்கு மணியளவில் ஆட்டம் முடியும். வென்றவரும் தோற்றவரும் ஒரே வாங்கிலிருந்து பிளேன்ரீ குடிப்பர். அணித்தலைவன் கொப்பியை மூடுமுன் அடுத்த ஞாயிற்றுக்கு வருவோரை எண்ணத் தொடங்குவான். “நான் வாறன்” என்று பதினொரு குரல்கள் எழுமாயின், அந்த ஊர் இன்னும் ஊராகவே இருக்கின்றது.