பத்தமடைப் பாயும் விண்வெளிப் படமும்

 

2017 பிப்ரவரி 15-ஆம் நாள் பி.எஸ்.எல்.வி. சி-37 ராக்கெட் 104 செயற்கைக்கோள்களை விண்ணில் விடுத்தது. அவை பிரிந்து செல்லும் காட்சியை ராக்கெட்டிலேயே பொருத்திய காமிராக்கள் நமக்குக் காட்டின. அதன் இரண்டாம் கட்டத்தை உந்திய விகாஸ் எஞ்சின், நம் நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் தீமூட்டிச் சோதிக்கப்பெறும் இனத்தது. ஆதலின் அக்காட்சியில் நமக்கும் சிறிது உரிமை உண்டு.

விண்ணிலிருந்து அசையும் படத்தை மண்ணுக்கு அனுப்புவது எளிதன்று. ஒரு படத்தில் 640-க்கு 480 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட்டுகள், நொடிக்கு 25 படங்கள் என்று கொள்வோம். நொடிக்கு 18 கோடிக்கு மேற்பட்ட பிட்டுகளாகின்றன. ராக்கெட்டின் வானொலி வழியோ நொடிக்கு 20 லட்சம் பிட்டுகளையே சுமக்குமெனில், தொண்ணூறில் ஒரு பங்காகச் சுருக்கியாக வேண்டும்.

எங்ஙனம் சுருக்குவது? பொருநை பாயும் பத்தமடையில் கோரைப்பாய் நெய்கின்றனர். நெய்பவருக்கு ஒவ்வொரு வரிசைக்கும் நிறமனைத்தையும் ஓத வேண்டுவதில்லை. "முந்தைய வரிசையைப் போலவே, இவ்விடத்தில் மட்டும் சிவப்பு" என்றால் போதும். கணிப்பொறியும் முந்தைய படத்தினின்று மாறியதை மட்டுமே சொல்லுகின்றது. மேலும், படத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, கண் உணராத நுட்பங்களைத் தள்ளிவிடுகின்றது. இதற்கு உதவும் கணித முறையை நசீர் அகமது, நடராஜன், ராவ் என்னும் மூவர் 1974-இல் வெளியிட்டனர்.

இனி, இடர் எங்கே உளதென்று கூறுகின்றேன். ராக்கெட் அதிர்ந்து தடுமாறுங்கால் காட்சி முழுவதும் மாறுகின்றது. சொல்ல வேண்டியது பெருகுகின்றது, வழியோ அகலவில்லை. ஒரு செய்தி இடையில் தொலைந்தால், அதனை நம்பி வரும் படங்களும் சிதைகின்றன. சில படங்களைச் சேர்த்து வைத்துப் பின்னர் அனுப்பும் முறையில், ராக்கெட் வெடிக்குமாயின் சேர்த்தவையும் உடன் அழியும். பழுதின் காரணத்தைக் காட்டவல்ல படம் அவற்றுள் ஒன்றாக இருத்தல் கூடும்.

ஆதலின் வீட்டில் காணும் திரைப்படத்துக்கு உகந்த சிக்கனம், ஆய்வு ராக்கெட்டுக்கு முற்றும் உகந்ததன்று. இடைவெளி குறைத்து முழுப் படத்தை அனுப்புதல் வேண்டும். தெளிவு சற்றே குறையினும், எடுத்த படத்தைத் தாமதமின்றி அனுப்புதல் வேண்டும்.

2024 பிப்ரவரி 28-ஆம் நாள் அண்டையிலுள்ள குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. ராக்கெட்டுகளுக்குக் கண் அமைக்கும் பணி உங்களுள் சிலருக்கு வாய்க்கலாம். அன்று, எவ்வளவு சுருக்கலாம் என்று கணக்கிடுமுன், எந்தப் படத்தை இழக்கலாகாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.