வரப்பில் முளைத்த சந்தனம் யாருக்குச் சொந்தம்?



கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கும்பாவை நீட்டாமல் நாம் யாரையும் வரவேற்பதில்லை. ஆனால் அந்த மரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்?

1950-களில் இந்தியா ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் சந்தனக் கட்டை தந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சில நூறு டன்னாகச் சுருங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால், சத்தியமங்கலம் காட்டுச் சந்தனக் கடத்தல் செய்திகளைப் படித்து வளர்ந்தவர்கள் திருடர்களைச் சொல்வீர்கள். உண்மைதான். வைரம் பாய்ந்த முதிர்ந்த மரத்துக்குத்தான் விலை. நிறைய விதை தருகிற தாய்மரமும் அதுதான். அதை வெட்டியதோடு, வேரிலும் எண்ணெய் உண்டென்று வேரையும் தோண்டி எடுத்தார்கள்.

ஆனால், சுரண்டை வட்டார விவசாயப் பெருமக்களே, சட்டமும் இந்த மரத்தை அழித்தது! 1792-இல் மைசூரில் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுச் சொத்தாக்கினார். வெள்ளைக்காரன் வந்தான், போனான், சுதந்திரம் வந்தது, அந்த எண்ணம் மட்டும் போகவில்லை. பறவை போட்ட விதை உங்கள் வரப்பில் முளைத்தாலும் மரம் சர்க்காருக்கு. களவு போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்! விவசாயி என்ன செய்வார்? முழங்கால் உயரம் வருமுன்பே களையோடு களையாகப் பிடுங்கி எறிந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2001-இல் கர்நாடகமும் 2002-இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. இன்று பட்டாதாரரே மரத்துக்கும் சொந்தக்காரர். வெட்டுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் குனுனுரா என்ற ஊர்ப்பக்கம் இதே இந்தியச் சந்தனத்தை ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நட்டிருக்கிறார்கள். நாம் ஏன் தயங்க வேண்டும்?

தண்ணீர் தேங்காத மேட்டு நிலம் போதும். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிக்கொண்டு சத்தை உறிஞ்சும். ஆகவே கன்றோடு துவரையை ஊன்றுங்கள், பிறகு சவுக்கு துணை நிற்கட்டும். வைரம் பாய பதினைந்து, இருபது வருடம் ஆகும்.

அத்தனை வருடம் காப்பது யார்? அதைக் கேட்கத்தான் கூடியிருக்கிறோம். களவு போனதென்று புகார் கொடுக்கப் போகிறவரைக் குற்றவாளிபோல் நிறுத்தக் கூடாது. வெட்டும் அனுமதி எத்தனை நாளில் கிடைக்கும் என்று எழுத்தில் வேண்டும். தென்காசி ஆட்சியருக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. சர்வே எண்ணோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.